மூன்று தடவை கழுவியதாக எழுதிய பொடி

மாறா, சாப்பிட்டுவிட்டுப் படி. பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பழக்கம் உனக்கு உண்டு, அதனால்தான் முதல் வரியிலேயே சொல்கிறேன். உன் அம்மா இத்தனை நீளத்துக்குக் கடிதம் எழுதி நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "ம்ம், சரிம்மா, சரிம்மா" என்று நடுவில் புகுந்துவிடுவாய், நானும் "ஒன்னுமில்லப்பா, சாப்பிட்டியா" என்று வழுக்கிக்கொண்டு போய்விடுவேன். நாலு வருஷமாக அப்படித்தான் வழுக்கிக்கொண்டிருக்கிறேன். இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். கையால் எழுதினதைப் பல்கலைக்கழக லேபில் உன் பழைய குறிப்புப் புத்தகத்துக்குள் வைக்கப்போகிறேன், அதைத் திறக்கிற யாரும் படிக்கலாம். உன் ஆய்வேடு நூலகத்தில் எல்லாரும் எடுத்துப் பார்க்கிற இடத்தில் இருக்கிறது. அதில் இருக்கிற தப்பை மட்டும் நாம் இரண்டு பேரும் வீட்டுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொள்வது நியாயமில்லை.

தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. முழுக்க என்னுடையதா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகையை லேபுக்கு எடுத்துப் போனேன். இருபத்தாறு வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவி, பொடி கரைத்து, அடுப்புக்குக் காவல் இருந்த இடம், அவர்களுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? உனக்கு வழிகாட்டின டாக்டருக்கு வைத்தேன், ஆபீஸ் பெண்ணுக்கு வைத்தேன், மணி பார்க்காமல் ஆளுக்கு ஐந்து நிமிஷம் கதை பேசினேன். சமீராவை மட்டும் காணோம். உனக்கு அவளை அவ்வளவாகத் தெரியாது, நீ போன பிறகு வந்தவள். உன் வேலையைத்தான் தொடர்ந்து செய்கிறாள், அதனால் உன்னைப் பார்க்காமலே 'அண்ணன்' என்பாள். தினமும் கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸிலிருந்து பஸ், அப்புறம் ஃபெரி, அப்புறம் இன்னொரு பஸ். மழையோ வெயிலோ எட்டரைக்கு வந்து நிற்பாள். தேடிக்கொண்டு போனால், பாத்திரம் கழுவுகிற அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறாள். சத்தம் கேட்கக்கூடாதென்று தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறாள், பாவம்.

"என்னடி ஆச்சு?" என்றேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் பத்திரிகையை நீட்டினேன். அட்டையில் உன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டிருக்கிறோமே, அதைப் பார்த்ததும் மறுபடி உடைந்துவிட்டாள். "அண்ணன் தீசிஸ்ல எழுதியிருக்கிற மாதிரியேதான் பண்றேன் ஆன்ட்டி. ஒரு சொட்டு மாறல. எட்டு தடவ பண்ணிட்டேன். அவருக்கு வந்தது எனக்கு வரவே மாட்டேங்குது. எல்லாமே கேஸா உடைஞ்சு போயிடுது, பொடி கறுத்துப்போயிடுது. எனக்குத்தான் கை சரியில்லபோல" என்றாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டரோடு மீட்டிங். இந்தப் படிப்புத் தவணைக்குள் உன் முடிவைத் திரும்பக் காட்டமுடியாவிட்டால் பிஎச்டியை விட்டு மாஸ்டர்ஸோடு போகவேண்டியதுதான் என்று மூன்று மாசம் முன்பே சொல்லிவிட்டார்களாம். டாக்டரைக் குறை சொல்லமுடியாது, அவரும் எத்தனை தடவைதான் பொறுப்பார். "அத்தாகிட்ட எப்புடி ஆன்ட்டி சொல்லுவேன்? கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் மக டாக்டராகப் போறானு சொல்லி வச்சிருக்காரு" என்றாள்.

"எத்தனை தடவ கழுவுன?" என்று கேட்டேன்.

"மூணு தடவ ஆன்ட்டி. அண்ணன் புக்ல மூணுனுதானே இருக்கு" என்றாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

உனக்குத் தெரிந்த வேதியியலை உனக்கே சொல்கிறேன் என்று சிரிக்காதே. இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியவேண்டும் அல்லவா. மேலும் எனக்குப் புரிந்த மாதிரி சொன்னால்தான் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கே விளங்கும். நீ வேலை செய்தது பெட்ரோலுக்கான சமாச்சாரம். பெட்ரோலில் இருக்கிற சில அணுச்சரங்கள் நேராக, நீளமாக இருக்கும். அதை ஊற்றி ஓட்டினால் எஞ்சின் டக்கு டக்கென்று தட்டும். உன் அப்பா ஜுரு பட்டறையில் முப்பது வருஷமாக ஸ்பானர் பிடிக்கிறவர், "பெட்ரோல் சரியில்ல, எஞ்சின் தட்டுது" என்பாரே, அதுதான். அதே சரத்தைக் கிளை விட்ட மாதிரி மடக்கிவிட்டால் எஞ்சின் தட்டாமல் ஓடும். அப்படி மடக்குகிற வேலையைச் செய்வது சியோலைட் என்கிற வெள்ளைப் பொடி. பார்த்தால் கோதுமை மாவு மாதிரி இருக்கும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டை. அந்த ஓட்டைக்குள் அமிலம் இருக்கும். அதன்மேல் துளியூண்டு பிளாட்டினத்தைத் தூவி வைப்போம். பிளாட்டினம் சரத்திலிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றி அமிலத்திடம் அனுப்பும். அமிலம் அதைப் பிடித்து மடக்கும். மடங்கினது திரும்பப் பிளாட்டினத்திடம் வந்து, ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும்.

இதில் இரண்டுக்கும் அளவு பொருந்தவேண்டும். அமிலம் பலமாக இருந்து பிளாட்டினம் குறைவாக இருந்தால், மடங்கின சரத்துக்குப் போக்கிடம் கிடைக்காது. அமிலமே திரும்பத் திரும்பப் பிடித்து முறுக்கும். சின்னப் பிள்ளையின் கையை விடாமல் முறுக்கினால் என்ன ஆகும்? ஒடியும். துண்டு துண்டாகி கேஸாகப் போய்விடும், மிச்சம் கரியாகப் பொடிமேல் படியும். அமிலமே இல்லாமல் போனாலோ வேலையே நடக்காது, வந்தது வந்தபடி வெளியே போகும். சரி, பிளாட்டினத்தை அள்ளிப் போடலாமே என்றால், அது கட்டி கட்டியாகச் சேர்ந்து ஓட்டை வாயை அடைக்கும், சில நேரம் அதுவே சரத்தைக் கடித்துத் துப்பும். இதையெல்லாம் எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. உங்களைப் போல எத்தனையோ பேர் என் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து புலம்பினதைக் கேட்டுக் கேட்டே வந்த அறிவு.

இப்போது கழுவுகிற விஷயம். கம்பெனியிலிருந்து வரும்போது அந்தப் பொடிக்குள் சோடியம் இருக்கும். சோடியம் குந்தியிருக்கிற இடத்தில் அமிலம் வராது. அம்மோனியக் கரைசலில் போட்டு, சூடாக்கி, மணிக்கணக்கில் கலக்கி, வடிகட்டிக் கழுவினால் சோடியம் கொஞ்சம் வெளியேறும். ஒரு தடவையில் எல்லாம் போகாது. மூன்று தடவை செய்தால்தான் பொடி முழு அமிலத்தோடு நிற்கும். இதைத்தான் நாம் 'மூன்று கழுவல்' என்போம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் உனக்கு டெங்கி வந்ததே, அந்த வாரத்தை நினைத்துப் பார். ஆய்வேடு கொடுக்க உனக்கு மூன்று மாசம்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கையில் ட்ரிப் ஏறுகிறது, நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அம்மா, திங்கக்கிழமை ஃபர்னஸ் புக் பண்ணியிருக்கேன், விட்டா அடுத்த மாசம்தான் கிடைக்கும்" என்றாய். நூற்று மூன்று காய்ச்சலில் பிள்ளை அடுப்பைப் பற்றிக் கவலைப்படுகிறது! நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நான் பண்ணி வைக்கிறேன், நீ படு" என்றேன். உன் புத்தகத்தை எடுத்துப் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் பொடியை நிறுத்துக் கரைசலில் போட்டேன். எங்கள் தலைமுறை லேப் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, நல்ல பழக்கமில்லை. கையுறை நனைந்துவிட்டால் புத்தகத்தைத் தொடமுடியாது, தொட்டால் பக்கம் கறைபடும். அதனால் அன்றைக்குச் செய்யப்போகிற வேலையைக் காலையிலேயே நேரம் போட்டு எழுதி, டிக்கும் அடித்துவிடுவோம். ஒன்பது மணி முதல் கழுவல், பன்னிரண்டு மணி இரண்டாவது, மூன்று மணி மூன்றாவது. மூன்று டிக். அப்புறம்தான் கையுறை.

முதல் கழுவல் முடிந்து வடிகட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா போன் பண்ணினார். உன் பிளேட்லெட் விழுந்துவிட்டது, உடனே வா என்றார். எனக்கு அந்த நிமிஷம் எந்தப் பொடி, எந்தக் கழுவல்? வடிகட்டினதை அப்படியே உலர்த்துகிற ஓவனில் வைத்துவிட்டு ஓடினேன். அடுத்த இரண்டு நாள் உன் கட்டிலைவிட்டு நகரவில்லை. நர்ஸ் பெண் ஒருத்தி, மலாய்க்காரி, "மக்சிக், பாலிக் துலு லா" என்று என்னை வீட்டுக்குப் போகச் சொல்லி விரட்டினாள், நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை ஏறத் தொடங்கினது. திங்கட்கிழமை காலையில் லேபுக்கு வந்தேன். ஓவனில் பொடி காய்ந்து கிடக்கிறது. புத்தகத்தைத் திறக்கிறேன், என் கையாலேயே அடித்த மூன்று டிக். ஃபர்னஸ் பத்து மணிக்கு உன் பெயரில் இருக்கிறது.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் நீயும் நம்புவாய். ஆனால் எனக்கு மறக்கவில்லை, மாறா. ஒரு தடவைதான் கழுவினேன் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. இன்னும் இரண்டு கழுவல் போட்டால் அன்றைய ஃபர்னஸ் போய்விடும், நீ ஒரு மாசம் பின்தங்குவாய், எழுந்து நடக்கவே தெம்பில்லாத பிள்ளை. "ஒரு தடவையும் கழுவல்தானே, பெரிதாக என்ன வந்துவிடப்போகிறது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பொடியை அடுப்பில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இரண்டு டிக்கைக் கோடு போட்டு அழிக்க ஒரு வினாடி ஆகாது. அதைக்கூடச் செய்யவில்லை.

அந்தப் பொடியில்தான் நீ அரை சதவீதம் பிளாட்டினம் ஏற்றினாய். அதுதான் உன் ஆய்வேட்டிலேயே ஆகச் சிறந்த மாதிரியாக வந்தது. முழு அமிலத்தோடு இருக்கிற பொடியில் இத்தனை குறைந்த பிளாட்டினம் போட்டும் உடையாமல் மடங்குகிறது என்று முடிவு எழுதினாய். முடிவு வந்த அன்றைக்கு என்னைத் தூக்கிச் சுற்றினாயே, ஞாபகம் இருக்கிறதா? அறுபது கிலோ பொம்பளையை! "உன் கை ராசிம்மா" என்றாய். லேப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு குரல், இப்போது சொல், இப்போது சொல் என்றது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படியடா சொல்வேன்? சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது அதிகக் கஷ்டமாகிக்கொண்டே போனது. கட்டுரை வந்தது, பட்டம் வந்தது, ஜொகூரில் எண்ணெய் ஆலை லேபில் வேலை வந்தது, கவிதா வந்தாள்.

இதெல்லாம் அன்றைக்குத் தொடங்கினதில்லை. தமிழ்ப்பள்ளியில் நீ ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். நீ எலுமிச்சம்பழத்தில் பல்பு எரியவைக்கிறேன் என்றாய். உன் கம்பி நிற்கவில்லை, பல்பு எரியவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை. லேபிலிருந்து நல்ல தகடு கொண்டுவந்து, நானே சொருகி, நானே அட்டையில் அழகாக எழுதி ஒட்டி, உன்னை முன்னால் நிறுத்திவைத்தேன். நடுவராக வந்த ஆசிரியர் "இது ஏன் எரியுது தம்பி?" என்று கேட்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பின்னாலிருந்து பதில் சொன்னேன். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பையை நீ கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய். வெட்கம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை, கொழுப்பு என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். இப்போது நினைத்தால் அந்த அடி எனக்கு வலிக்கிறது. உன்னைச் சொந்தமாகத் தோற்க நான் விட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சமீராவிடம் சொல்லிவிட்டேன். "அண்ணன் பொடி ஒரு தடவதான் கழுவுனது, மூணுனு எழுதுனது நான்" என்றேன். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஒன்றரை வருஷமாக ஒரு பெண் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதைக் கேட்டு நான் அழுத அழுகை இருக்கிறதே, அப்புறம் அவள்தான் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். நாலு வருஷமாக அவருக்கும் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனிடம் மறைத்துவைத்திருந்தேன். ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்தவர் அப்படியே வைத்துவிட்டார். "கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கு. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க? அவன் வேலைக்கு ஏதாச்சும் வந்துட்டா? முடியட்டும்லா, அப்புறம் நிதானமா சொல்லிக்கலாம்" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மூன்று வாரம்தானே. ஆனால் வியாழக்கிழமை அந்தப் பெண்ணை அனுப்பிவிடுவார்கள், மூன்று வாரம் கழித்து நான் யாரிடம் போய்ச் சொல்வது? "அவ பஸ் ஏறிப் போனதுக்கப்புறம் நான் பட்டுச் சேலை கட்டிக்கிட்டு மணமேடையில நிக்கணுமா?" என்று கத்திவிட்டேன். சனிக்கிழமை காலையில் அவரே காடிச் சாவியை எடுத்தார். "நட்டு முறுக்காம காடிய வெளிய அனுப்பிட்டோம்னு தெரிஞ்சா, போன் போட்டுத் திரும்பக் கூப்புடத்தான் வேணும். ஏறு, லேப்ல விடுறேன்" என்றார். உன் அப்பா நல்லவர், மாறா. கொஞ்சம் லேட்டாகத்தான் நல்லவராவார், நானும் அப்படித்தான்.

சனிக்கிழமை நானும் சமீராவும் உன் பொடியைத் திரும்பச் செய்தோம். அதே பொடி, அதே கரைசல், ஒரே ஒரு கழுவல். நான் கழுவினேன், அவள் எழுதினாள், ஒவ்வொன்றும் முடிந்த பிறகுதான் எழுதினாள். ஞாயிறு அடுப்பு, திங்கள் பிளாட்டினம், மறுபடி அடுப்பு. செவ்வாய்க்கிழமை ஹைட்ரஜன் விட்டு, ஹெக்ஸேன் என்கிற நேர்ச் சரத்தை ஓடவிட்டோம். மத்தியானம் கம்ப்யூட்டர் திரையில் கோடு எழும்ப ஆரம்பித்தது. கேஸ் வருகிற இடத்தில் சின்ன மேடு, மடங்கின சரம் வருகிற இடத்தில் மலை மாதிரி ஒன்று. உன் ஆய்வேட்டில் இருக்கிற அதே படம். சமீரா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

ஆக, நீ கண்டது பொய்யில்லை. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். மேட்டை நீ வரையவில்லை, அது வந்தது. ஆனால் ஏன் வந்தது என்று எழுதினது தப்பு. உன் பொடிக்குள் பாதிச் சோடியம் அப்படியே குந்தியிருந்தது, அமிலம் சாதுவாக இருந்தது, சாதுவான அமிலத்துக்கு அரை சதவீதப் பிளாட்டினம் போதுமானதாக இருந்தது. மூன்று தடவை கழுவின பொடிக்கு அது போதாது, இன்னும் பிளாட்டினம் வேண்டும். வயிற்றெரிச்சல் எதில் என்றால், சமீரா இதைப் போன வருஷமே பார்த்திருக்கிறாள். மூன்று கழுவல் பொடியில் ஒரு சதவீதம் போட்டுப் பார்த்தபோது நன்றாக மடங்கியிருக்கிறது. உன் ஆய்வேட்டோடு ஒத்துவரவில்லை என்று, தான்தான் எங்கேயோ கோட்டைவிட்டோம் என்று நினைத்து, அந்த முடிவை ஒதுக்கி வைத்துவிட்டாள். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் எழுதினதை நம்பி, அதைத் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

நேற்று மேடு வந்த சந்தோஷத்தில் அவள் உன் ஆய்வேட்டை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். அமிலத்தின் பலத்தை அளந்த படம் ஒன்று போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மூலையில் மெஷின் அடித்த தேதி இருக்கிறது. உனக்கு டெங்கி வருவதற்கு ஏழு வாரம் முந்தைய தேதி. அந்த நேரத்தில் என் பொடி பிறக்கவே இல்லை. அது நீ முன்னால் மூன்று தடவை ஒழுங்காகக் கழுவின பேட்ச். என் பொடி வந்த மாசம் அந்த மெஷின் பழுதாகிக் கிடந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ரிப்பேர்காரருக்கு நான்தான் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். நீ பழைய பேட்சின் அளவையே இதற்கும் போட்டிருக்கிறாய். அன்றைக்கு அளந்திருந்தால் அமிலம் குறைவு என்று காட்டியிருக்கும், என் குட்டு உடைந்திருக்கும். அம்மா செய்தது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாயோ? அப்படி நினைக்கப் பழக்கினதும் நான்தான்.

சமீரா என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆய்வேட்டை மூடினாள். "இத நான் பாக்கல ஆன்ட்டி. அண்ணனே சொல்லட்டும்" என்றாள். தன் ஒன்றரை வருஷம் போனதற்கு அந்தப் பெண் நம்மிடம் காட்டின கோபம் இவ்வளவுதான்.

உன் பட்டத்துக்கு, வேலைக்கு என்ன ஆகும் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது, மாறா. ஒன்றும் ஆகாது என்று பொய் ஆறுதல் சொல்லமாட்டேன். கட்டுரைக்குத் திருத்தம் போடவேண்டியிருக்கும், கேள்வி கேட்பார்கள், சிலபேர் கிசுகிசுப்பார்கள். எனக்கு ஓய்வு பெற ஐந்து மாசம் இருக்கிறது, அதற்குள் விசாரணை என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். வரட்டும். கவிதாவிடம் யார் சொல்வது என்று யோசிக்காதே, நீதான் சொல்லவேண்டும், இன்றைக்கே சொல். கல்யாணத்துக்கு அம்மா சொல்கிற புத்திமதி என்று வைத்துக்கொண்டால் என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். தப்பை அன்றன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. நாலு வருஷம் கழித்துச் சொல்லும்போது உன் அப்பா முகத்தில் நான் பார்த்தது கோபம் இல்லை. இத்தனை நாள் இவள் தனியாகச் சுமந்தாளே, என்னிடம் சொல்லத் தோன்றவில்லையே என்கிற வருத்தம். அது கோபத்தைவிட மோசம். இன்னொன்று, அவளுக்கு ஆசையோடு உதவி செய், ஆனால் அவள் வேலையைப் பிடுங்கிச் செய்யாதே. பாசம் என்ற பெயரில் நான் உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன், அதில் உடைந்தது யாரோ ஒரு வீட்டுப் பெண்.

நாளைக்குப் பத்து மணிக்கு சமீராவோடு நானும் டாக்டர் அறைக்குள் போகிறேன். ஒரு கழுவலை மூன்று என்று எழுதினதையும், தெரிந்தே அடுப்பில் வைத்ததையும், நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் என் வாயாலேயே சொல்வேன். நேற்று வந்த படத்தை மேசைமேல் வைப்பேன். அந்தத் தேதியைப் பற்றி மட்டும் நான் சொல்லமாட்டேன். மறைக்கவும் மாட்டேன், டாக்டர் கேட்டால் "மகனைக் கேளுங்கள்" என்பேன். முப்பது வயசு ஆம்பளைக்கு அம்மா பின்னாலிருந்து பதில் சொல்லக்கூடாது. அந்தப் பெண் உள்ளே போவதற்கு முன்னால் நீ அவளிடம் பேசவேண்டும். உன் பொடி அவளை ஏமாற்றியது, அவள் கை ஏமாற்றவில்லை என்று அவள் உன் குரலில் கேட்கவேண்டும். அவள் ஒதுக்கி வைத்த முடிவை வெளியே எடுத்து, திருத்தத்தில் அவள் பெயரையும் சேர்த்து எழுதுகிறேன் என்று நீயே சொல்லவேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று என்னிடம் கேட்காதே, நான் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

இதைப் படித்து முடித்ததும் உன் கை தானாக என் நம்பருக்குத்தான் போகும். எனக்குத் தெரியும். என்னைத் திட்டவோ, நான் அழுகிறேனா என்று பார்க்கவோ, இரண்டில் ஒன்றுக்கு. வேண்டாம், ராஜா. கடைசிப் பக்கத்துக்குக் கீழே சமீராவின் நம்பரை எழுதியிருக்கிறேன். அவள் நாளைக் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறுவாள், ஃபெரிக்கு வரும்வரை வழியெல்லாம் உட்கார்ந்துதான் வருவாள். என்னைக் கூப்பிடாதே. அவளைக் கூப்பிடு.

அம்மா